பெர்னிஸுக்குத் திறக்காத தாழ்ப்பாள்

எங்கள் பெர்னிஸ் திறக்காத கேட் இந்த வட்டாரத்தில் கிடையாது. மற்ற மாடுகள் கேட்டைப் பார்த்தால் நிற்கும். இவள் நாக்கை நீட்டுவாள். கொக்கியை நக்கித் தள்ளுவாள். சங்கிலியை உதட்டால் கழற்றுவாள். சுருள்வில் வைத்த தாழ்ப்பாள் என்றால் மூக்கால் அமுக்கிக்கொண்டே தோளால் ஓர் இடி. தான் மட்டும் போனாலும் பரவாயில்லை. பட்டியில் உள்ள அத்தனை மாட்டையும் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவாள். ஷெரிஃப் ஆபீஸில் எங்கள் வீட்டு போன் நம்பரை யாரும் புத்தகத்தில் தேடுவதில்லை.

அவளுக்காகத்தான் நான் அந்தத் தாழ்ப்பாளைச் செய்தேன். முதலில் செய்தது வில் வைத்தது. அதை அவள் மத்தியானத்துக்குள் திறந்துவிட்டாள். இரண்டாவதுதான் நின்றது. கேட்டின் முனையில் கைக்கு அடக்கமாக ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் சீசா பலகை போல ஆடும் ஒரு சின்னத் தடம். தடத்தில் பழைய டிராக்டரிலிருந்து எடுத்த பால்ரஸ் குண்டு ஒன்று. மாடு உள்ளேயிருந்து கேட்டைத் தள்ளினால் தடம் சாயும், குண்டு ஓடிவந்து தாழ்க்கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். தள்ளத் தள்ள இறுகும். நான் வெளியே இருந்து, இரண்டு கையிலும் வாளியோடு, இடுப்பால் கேட்டை உள்பக்கமாக ஓர் இடி இடித்தால் குண்டு திரும்பி ஓடிவிடும். கம்பி விலகும், கேட் என் பக்கமாகத் தானே திறக்கும். மாட்டுக்கு முன்னால் தள்ளத்தான் தெரியும். தன் பக்கம் இழுத்தால் திறக்கும் என்று எந்த மாட்டுக்கும் தோன்றாது. பெர்னிஸ் ஒரு வாரம் அதோடு மல்லுக்கு நின்றாள். பிறகு என்னை முறைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பெட்டியின் மூடியைப் பற்றவைத்து மூடிவிட்டேன். உள்ளே குண்டு இருப்பது எனக்கும் என் மனைவி ஆர்டிஸுக்கும்தான் தெரியும். அடுத்த பண்ணைக்காரன் வெர்லின் டெஷ் வந்து, பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கவேண்டும் என்று நின்றான். விடவில்லை. ஒரு காலத்தில் நான் வைக்கோல் கட்டுத் தூக்க ஒரு கொக்கி செய்தேன். அவன் வந்து பார்த்துவிட்டுப் போன மறு வாரம் அதே போல் ஒன்று அவன் கொட்டகையில் தொங்கியது. அது தன் அப்பன் காலத்துக் கொக்கி என்கிறான். அப்பன் செத்தவன், அவனைப் போய்க் கேட்க முடியுமா?

தாழ்ப்பாளுக்குப் பேட்டன்ட் எடுக்கச் சொன்னது ஆர்டிஸ்தான். எங்கள் பக்கம் அந்த வேலை செய்பவள் கொலீன் ஸாஸ்ட்ரோ ஒருத்திதான். இரும்புக்கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். வக்கீல் இல்லை. முன்பு டிராக்டர் கம்பெனியில் என்ஜினியர், பிறகு பரீட்சை எழுதிப் பேட்டன்ட் ஏஜென்ட் ஆனவள். நான் போனேன். அவள் ஆபீஸில் ஜன்னல் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் யார் முழுசாகச் சொல்வார்கள்? வில் வைத்த தாழ்ப்பாளை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பேட்டன்ட் வந்ததும் அதற்குள் குண்டைப் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. இப்போதும் சொல்கிறேன், அந்த ஜன்னலை அவள் சாத்தியிருக்க வேண்டும்.

போன வருஷம் ஜூலையில் கொலீன் போன் செய்தாள், பேட்டன்ட் ஆபீஸிலிருந்து பதில் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று. போனேன்.

"வில்லு வெச்ச தாழ்ப்பாள் ஏற்கெனவே ஏகப்பட்டது இருக்காம், பிராண்ட்வால்ட் சார்," என்றாள். "அங்க இருக்கற பரிசோதகர் அம்மா வரிசையா படம் போட்டு அனுப்பியிருக்காங்க. இதுல புதுசா எதுவும் இல்லைங்கறாங்க."

"தெரியும்," என்றேன். "வில்லு சரியில்ல. எங்க மாடே அதத் தொறந்துருச்சு. இப்ப குண்டப் போடு."

"எந்தக் குண்டு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். அது உருண்டு போய் அவள் காப்பிக் கோப்பையில் 'டங்' என்று மோதி நின்றது. விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலை முதலில் சாத்திவிட்டுத்தான் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "சார், இது அருமையான வேலை. இது புதுசு. இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"இப்ப சொல்றேனே."

"முதல் விண்ணப்பம் போட்ட அன்னைக்கு இது உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சாவா? இதே நாற்காலியில உக்காந்து வில்லப் பத்திச் சொல்லிட்டிருந்தேனே, அப்ப இதே பையில இருந்துச்சு."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பையில இருந்தது செல்லாது சார். நீங்க எதுக்கு உரிமை கேக்கறீங்களோ, அது விண்ணப்பம் போட்ட அன்னைக்கே உங்க கைவசம் இருந்துச்சுன்னு அந்தத் தாளப் படிக்கிறவனுக்குத் தெரியணும். தெரியலேன்னா இல்லைன்னு அர்த்தம்."

"நான் சத்தியம் பண்றேன்."

"பண்ணுங்க. பைபிள் மேலயே பண்ணுங்க. தாளுல இல்ல."

"ஆர்டிஸக் கூப்புடறேன். அவ சாட்சி."

"அவங்களும் தாளுல இல்ல."

"அப்ப இப்ப எழுதிச் சேத்துரு. ஒரு வரிதானே?"

"அதான் கூடாது. போட்ட விண்ணப்பத்துல புதுசா ஒரு பொருளக் கொண்டுவந்து சேக்கக் கூடாது. சேத்தா அந்த அம்மா அங்கயே வெட்டிருவாங்க."

இதுதான் நான் சொல்வது. ஒருவன் தன் சொந்தக் கையால் செய்த பொருள், அது அவனுடையதா இல்லையா என்று காகிதத்தைக் கேட்கிறார்கள்.

"புதுசா ஒரு விண்ணப்பம் போடலாம்," என்றாள் கொலீன். "குண்டோட, முழுசா. போடற தேதியிலேர்ந்து அது செல்லும். இதுவரைக்கும் இத யாருக்கும் விக்கலையே?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சார்?"

"ஒண்ணு ரெண்டு."

"எங்க?"

"கவுண்டி விவசாயக் கண்காட்சியில."

"போன வருஷக் கண்காட்சியிலயா!"

"மூடியப் பத்தவெச்சுத்தான் வித்தேன். உள்ள என்ன இருக்குன்னு வாங்கினவனுக்கே தெரியாது."

"மூடி வித்தாலும் வித்ததுதான் சார். வித்த நாளுலேர்ந்து ஒரு வருஷம் டைம். அதுக்குள்ள போடலேன்னா அது ஊருக்குப் பொது. யார் வேணா செய்யலாம். உங்களால ஒரு வார்த்த கேக்க முடியாது." அவள் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். "திங்கட்கிழமையோட சரி."

யார் வேண்டுமானாலும் என்றதும் எனக்கு வெர்லின் டெஷ் முகம்தான் தெரிந்தது.

சனிக்கிழமை பால் கறந்து முடித்தபோது கொலீன் கார் வந்து நின்றது. கம்ப்யூட்டரைச் சமையலறை மேஜையில் வைத்தாள். ஆர்டிஸ் காப்பியும் ரூபார்ப் கேக்கும் வைத்தாள். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

"சொல்லுங்க சார், ஆரம்பத்துலேர்ந்து."

"ஒரு பெட்டி. உள்ள குண்டு. அவ்வளவுதான்."

"பெட்டி எதுல செஞ்சது?"

"இரும்புல."

"இரும்புலதான் செய்யணுமா?"

"அதெல்லாம் எதுக்கு உனக்கு?"

ஆர்டிஸ் அடுப்பங்கரையிலிருந்து திரும்பினாள். "நாப்பது வருஷமா எங்க போறன்னு நான் கேட்டா 'வெளிய' அப்படிம்பாரு. எங்க போயிட்டு வந்தன்னா 'அங்க'. இந்த ஆளுகிட்ட நீ தனியா மாட்டிக்காதம்மா." நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "சொல்லு லைல். சொல்லாட்டி இன்னைக்குச் சோறு கிடையாது."

சொன்னேன். பல் பிடுங்குவது போலத்தான் இருந்தது. ஆனால் தடம் எப்படிச் சாய்கிறது என்று கையை வைத்துக் காட்டியபோது கொலீன், "ஓ! அதனாலதான் அவ தள்ளத் தள்ள இறுகுதா!" என்றாள். அப்படி ஒருத்தி கேட்டால் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் செய்த தடம் ஏன் சிக்கியது, பனிக்காலத்தில் வில் உறைந்துபோகிறது, குண்டு உறைவதில்லை, இதையெல்லாம் அவள் கேட்காமலே சொன்னேன். அவள் விரல் ஓடிக்கொண்டே இருந்தது.

மத்தியானத்துக்கு முன்னால் ஒரு நகல் எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தாள். திருப்தி இல்லை.

"அந்த அம்மா இத என் கண்ணால படிக்க மாட்டாங்க சார். கேட்டு, தாழ்ப்பாள், மாடு தெரிஞ்ச ஒரு ஆளு படிச்சா என்ன தெரியுமோ, அதான் கணக்கு. எனக்கு மாடு தெரியாது. ஆர்டிஸம்மாவுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். வெளியாளு ஒருத்தர் வேணும். கேட்டு வேலை செய்யறவரா இருக்கணும், இதப் பாத்திருக்கக் கூடாது."

ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன்.

"வெர்லினத் தவிர யாரு இருக்கா?" என்றாள்.

"செத்தாலும் முடியாது."

"சரி, சாவு. திங்கக்கிழமைக்கு அப்புறம் அவன் உன் தாழ்ப்பாளச் செஞ்சு உன் சவ ஊர்வலத்துலயே விப்பான்."

அவள் போன் செய்துவிட்டாள். வெர்லின் பத்தே எட்டு வைத்து வேலியைத் தாண்டி வந்தது போல் வந்து நின்றான். இத்தனை நாளாய் அந்தப் பெட்டிக்குள் என்ன என்று தூங்காமல் கிடந்தவன். பெரிய உடம்பு, தொங்குமீசை, வாய் மூடவே மூடாது. வரும்போதே பேசிக்கொண்டு வந்தான். "என்னய்யா லைல், என்னயக் கூப்புட்டியாமே? டாக்டர் ஏதாச்சும் சொல்லிட்டாரா?"

கொலீன் அவனை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். வெளியே சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். பிறகு ஒன்று சொன்னாள், அதுதான் அன்றைய நாளைக் கெடுத்தது. எடுத்தது என்றும் சொல்லலாம்.

"டெஷ் சார், ஒரே ஒரு நிபந்தனை. நீங்க படிக்கலாம். ஆனா யோசனை சொல்லக் கூடாது. நீங்க 'இத இப்படி வெச்சா நல்லாருக்கும்'னு ஒண்ணு சொல்லி, அது உள்ள போயிருச்சுன்னா, இதக் கண்டுபிடிச்சவங்கள்ல நீங்களும் ஒருத்தர் ஆயிருவீங்க. உங்க பேரையும் போடணும்."

நான் எழுந்துவிட்டேன். "கேட்டியா? வாயத் தொறக்காத. ஒரு வார்த்த வரக்கூடாது. நான் போட்டாச்சுன்னு சொல்றவரைக்கும் மூச்."

"மூச்சு விடலாமா?"

"மூக்கால விடு."

"பேசினா என் பேரு வருமா? அப்படின்னா பேசிரவா?"

"வெர்லின்!" என்றாள் ஆர்டிஸ்.

"சரி சரி. சும்மா சொன்னேன். உன் தாழ்ப்பாள்ல என் பேரு எதுக்குய்யா? நான் வாய் தொறக்கல. சத்தியம்." வலது கையைத் தூக்கினான். உதட்டை விரலால் பூட்டிச் சாவியைக் காப்பிக்குள் போட்டான்.

படித்தான். புருவம் ஏறியது. குண்டு வரும் இடத்தில் தொடையில் ஓர் அறை அறைந்துகொண்டான், கோப்பைகள் துள்ளின. வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டான்.

கொலீன் கேட்டாள்: "ஆமா இல்லைன்னு தலைய மட்டும் ஆட்டுங்க. இவரு இந்தக் குண்டு வெச்ச தாழ்ப்பாள நெஜமாவே செஞ்சு கையில வெச்சிருந்தாருன்னு இதப் படிச்சாத் தெரியுதா?"

வெர்லின் பலமாகத் தலையாட்டினான்.

"இங்க, கடைசியில, 'உருளக்கூடிய எந்தப் பொருளும்'னு கேட்டிருக்கோம் பாருங்க. அதெல்லாமும் இவரு கைவசம் இருந்ததா தெரியுதா?"

வெர்லின் யோசித்தான். மீசையைத் தடவினான். இல்லை என்று தலையாட்டினான்.

"பாத்தியா, வேணும்னே செய்யறான்!" என்றேன்.

"இல்ல சார், அவரு சொல்றது சரி," என்றாள் கொலீன். "ஒரே ஒரு குண்டக் காட்டிட்டு, உலகத்துல உருள்ற எல்லாமே என்னுதுன்னு கேக்கறோம். நாளைக்கு ஒருத்தன் குண்டுக்குப் பதிலா ரோலர் வெச்சு விப்பான். அதக் கேக்கப் போனா, எங்காளு குண்டு மட்டும்தான் சொல்லியிருக்காருன்னு ஒத்துக்கிட்டு நானே தோத்துட்டு வரணும். வேற என்னெல்லாம் வெச்சா வேலை செய்யும்? சொல்லுங்க."

"எது உருளுமோ அது."

"எது?"

இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? உட்கார்ந்த இடத்தில் ஊகம் செய்து சொல்ல எனக்கு வராது. "வாங்க பட்டிக்கு," என்றேன்.

கொட்டகையில் மூடி இல்லாத பெரிய பெட்டி ஒன்று இருந்தது, தடம் அகலமானது, நான் முதலில் வெட்டிப் பார்த்தது. நிஜப் பெட்டியைக் கழற்றிவிட்டு அதைக் கேட்டில் மாட்டினேன். பெர்னிஸ் உடனே வந்துவிட்டாள். நான் எதைத் தொட்டாலும் அவளுக்கு வேலை வந்துவிடும். கொலீன் கையில் காகிதமும் போன் காமிராவும். வெர்லின் வேலிமேல் கை ஊன்றி, வாயை இறுக மூடிக்கொண்டு, வயிறு குலுங்க நின்றான்.

கன்வேயரிலிருந்து கழற்றிய ரோலர் ஒன்றைப் போட்டேன். பெர்னிஸ் தள்ளினாள், நக்கினாள், திறக்கவில்லை. ஐஸ் ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டை விளிம்பில் நிற்கவைத்தேன். அதுவும் ஓடி வந்து உட்கார்ந்தது. கொலீன் குதித்தாள். "அடுத்தது! அடுத்தது!" ஆர்டிஸ் சமையலறையிலிருந்து ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கு நொண்டி நொண்டி ஓடியது, ஆனால் நின்றது. வால்நட் கொட்டை ஆகவில்லை. பெர்னிஸ் கேட்டை ஒரு குலுக்கு குலுக்கினாள், கொட்டை துள்ளி வெளியே விழுந்தது, கேட் திறந்தது. அவள் வெளியே வந்து கொட்டையைத் தின்னவும் பார்த்தாள். நாங்கள் நான்கு பேரும் கையை விரித்துக்கொண்டு அவளை உள்ளே தள்ளினோம்.

"அத எழுதாத," என்றேன் கொலீனிடம்.

"கண்டிப்பா எழுதுவேன். எது ஆகாதுன்னு தெரிஞ்சாத்தான், எது ஆகும்னு உங்களுக்குத் தெரியும்னு தெரியும். ஏன் ஆகல?"

"கனம் பத்தல. துள்ளுது."

"அப்ப கனம் வேணும்."

"வேணும். மாடு குலுக்கினா தடத்த விட்டுத் துள்ளாத கனம்."

"அதுதான் சார்! அதுதான் வேணும் எனக்கு!" என்று காகிதத்தில் கிறுக்கினாள்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. புல்தரையில் சுத்தியலால் தட்டி ஆடும் மரக் கிரோக்கே பந்து நின்றது. நிறைந்த பியர் டப்பா நின்றது. அதைக் குடித்துவிட்டு வெறும் டப்பாவைப் போட்டால் நிற்கவில்லை. எது எதனால் என்று எவனுக்கும் விளங்கும்படி இருந்தது அது. அந்தச் சோதனை சரியாக நடந்ததா என்று உறுதிசெய்ய நானும் வெர்லினும் இன்னொரு தடவை செய்து பார்த்தோம், பிறகு இன்னொரு தடவை. கொலீன் வேண்டாம் என்றாள், பிறகு அவளும் ஒன்றைச் சோதித்தாள். ஆர்டிஸ் அவித்த முட்டையைப் போட்டாள். அது தாழ்க்கம்பியில் மோதி நசுங்கியது, பெர்னிஸ் நாக்கை உள்ளே விட்டு நக்கித் தின்றுவிட்டுக் கேட்டைத் திறந்தாள்.

"நசுங்காததா இருக்கணும்," என்று நானே சொன்னேன். "எழுதிக்க."

வெர்லின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. சிரிப்பை அடக்கியா, யோசனையை அடக்கியா, தெரியவில்லை. ஒரு தடவை விரலை நீட்டி எதையோ காட்ட வந்தான். "கையாலயும் பேசக் கூடாது!" என்றேன். கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

பிறகு கொலீன் படம் வரைய வேண்டும் என்றாள். திறந்த பெட்டியையும் கழற்றி, நிஜப் பெட்டியோடு சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தேன். நிஜப் பெட்டியின் மூடியை இரும்பு ரம்பம் போட்டு அறுத்தேன். வெர்லின் கண் முன்னால் அறுத்தேன். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். நான் தடுக்கவில்லை. குண்டைத் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டான். தொடு என்றேன். ஒரு விரலால் தடத்தைச் சாய்த்து, குண்டு ஓடி வந்து உட்காருவதைப் பார்த்து, திரும்பச் சாய்த்து, மறுபடி பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு மரத்தடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தான். ஒரு வார்த்தை வரவில்லை.

கொலீன் வரைந்தாள், எழுதினாள். கேட்கக் கேட்க எனக்கு வாய் நிற்கவில்லை. தடம் நேராக இருக்கலாம், வளைவாக இருக்கலாம். கேட் இடப்பக்கம் திறக்கலாம், வலப்பக்கம் திறக்கலாம், ஆட்டுப் பட்டிக்குச் சிறிதாகச் செய்யலாம். "போதும் சார், மூச்சு விடுங்க," என்று அவளே சொன்னாள். எழுதி முடித்ததும் ஆர்டிஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்க வாசித்தாள். என் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்து ஆகாது. நான் பேசிய பேச்சைச் சட்டைபோட்டு, தலைவாரி உட்காரவைத்தது போல் இருந்தது. ஆனால் என்னுடையதுதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெர்லின் நெளிந்தான். எழுந்தான், உட்கார்ந்தான். திரையை மறுபடி விலக்கிப் பார்த்தான். "ம்ம்ம்!" என்றான்.

"ஷ்ஷ்!" என்றோம் மூன்று பேரும்.

"இன்னும் ஒரு பக்கம்தான் டெஷ் சார்," என்றாள் கொலீன். "இவ்வளவு நேரம் இருந்துட்டு இப்ப கெடுத்துறாதீங்க."

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் நின்றது.

வாசித்து முடிந்ததும் கொலீன் தாளை அவன் பக்கம் திருப்பினாள். "இப்ப சொல்லுங்க. தலைய மட்டும். கனமா, நசுங்காம, தடத்துல உருள்ற பொருள் எதுவா இருந்தாலும், இந்த மனுஷனுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு, கையில வெச்சிருந்தாருன்னு இதுல தெரியுதா?"

தலை பறந்துவிடும் போல ஆட்டினான். ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி ஆட்டினான். சீக்கிரம் சீக்கிரம் என்று கையைச் சுழற்றினான்.

"அனுப்பட்டுமா சார்?" என்றாள் கொலீன்.

என் பெயரைப் பார்த்தேன். லைல் பிராண்ட்வால்ட், கண்டுபிடித்தவர். ஒருவன் பெயர்தான் இருந்தது. "அனுப்பு," என்றேன்.

அனுப்பினாள். விண்ணப்பத்துக்கு ஒரு நம்பர் வந்தது. மேஜையைச் சுற்றிக் கைதட்டினோம். அந்தப் பேட்டன்ட் பின்னால் கிடைத்தும்விட்டது. அந்த அம்மாள் வேறு சில கேள்வி கேட்டாள், ஆனால் உருளும் பொருளெல்லாம் உன்னிடம் இருந்ததா என்று மட்டும் ஒரு வரி கேட்கவில்லை. ஆனால் இதெல்லாம் பின்னால். அன்றைக்கு ஆர்டிஸ் கொலீனைக் கட்டிக்கொண்டாள். நான் போய் வெர்லின் தோளில் ஒன்று போட்டேன்.

"போட்டாச்சு. இப்ப பேசுடா."

"மாடு!" என்று கத்தினான் வெர்லின். "மாடுய்யா! என் சோளத்துல நிக்குதுய்யா உன் மாடு! அத்தனையும்!"

திரையை விலக்கினேன். கேட் விரியத் திறந்துகிடந்தது. தாழ்ப்பாளைத்தான் கழற்றி மேஜையில் வைத்திருந்தோமே. பழைய சங்கிலியை மாட்டிவிட்டு வந்திருந்தேன், அது பெர்னிஸுக்கு எம்மாத்திரம். வேலிக்கு அந்தப் பக்கம், வெர்லின் கண்காட்சிக்கென்று கண்ணும் கருத்துமாய் வளர்த்த இனிப்புச் சோளத்தில், பெர்னிஸ் முன்னால் நடக்க என் மாடுகள் வரிசையாய் மேய்ந்துகொண்டிருந்தன. கதிர் சடசடவென்று முறிவது வீடுவரைக்கும் கேட்டது.

ஓடினோம். கொலீன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆர்டிஸ் துண்டை வீசிக்கொண்டு. கத்தினோம், சுற்றி வளைத்தோம். மாடுகள் எங்களைப் பார்த்தபடி மென்றன. பெர்னிஸ் வாயில் ஒரு முழுத் தட்டை தொங்கியது, மணி கோர்த்தது போல் கதிரோடு.

வெர்லின் முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கினான். நான் அவன் பக்கத்தில் நின்றேன்.

"எப்பலேர்ந்துடா பாத்துட்டிருந்த?"

"படம் வரையும்போதே. முதல்ல அவ மட்டும்தான் வந்தா. ரெண்டாவது வரிசையத்தான் தின்னுட்டிருந்தா."

"உன் சோளம்டா அது! சொல்ல வேண்டியதுதானே, பைத்தியக்காரா!"

"நீதானய்யா வாயத் தொறக்காதன்ன? கையாலயும் பேசாதன்ன? சத்தியம் வேற பண்ணிட்டேன். நான் 'தாழ்ப்பாள் இருந்தா போயிருக்காது'ன்னு சொல்லப்போயி, அது ஒரு யோசனைன்னு அந்தப் பொண்ணு என் பேரையும் எழுதிட்டா, நீ என்னய உயிரோட விடுவியா?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். எப்போது கடைசியாய் அப்படிச் சிரித்தேன் என்று தெரியாது. வயிறு வலித்து அங்கேயே, முறிந்த தட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். வெர்லினும் பக்கத்தில் உட்கார்ந்தான். மாடுகளை இரண்டு பொம்பளைகளும்தான் ஓட்டினார்கள். எங்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்கள்.

"சோளத்துக்குப் பதில் சொல்றேன்," என்றேன், பேச்சு வந்ததும்.

"சோளம் கிடக்குது. கண்காட்சியில எனக்கு எப்பவும் மூணாவது பரிசுதான் தர்றானுங்க." மீசையில் ஒட்டிய நாரை எடுத்தான். "எனக்கு ஒரு தாழ்ப்பாள் செஞ்சு குடு. என் பக்கக் கேட்டுக்கு."

"நீயே செஞ்சுக்க. எப்படின்னுதான் படிச்சிட்டியே."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜமாத்தான். குண்டு பத்தலேன்னா எங்கிட்ட இருக்கு."

"குண்டு வேணாம்," என்றான் வெர்லின். "பியர் டப்பா வெச்சுக்கறேன். நெறஞ்சது."

"வெளிப்பக்கமா மாட்டு," என்றேன். "நான் வரும்போது டப்பாவ எடுத்துக்கறதுக்கு வசதியா இருக்கும்."